கனடாவில் பிள்ளை பராமரிப்புச் செலவை வரியில் கழிப்பது எப்படி?

பிள்ளையை அம்மம்மாவிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ விட்டுவிட்டு வேலைக்குப் போகும் ஸ்காபுறோப் பெற்றோர் பலர், கையில் காசாகக் கொடுத்த பணத்துக்கு வரிக்கழிவு கிடையாது என்றே எண்ணியிருக்கிறார்கள். அது தவறு. வேலைக்கோ படிப்புக்கோ போவதற்காகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கொடுத்த பணம், பற்றுச்சீட்டு இருந்தால் கழிவில் சேரும்.

முதலில், பணம் யாருக்குப் போனது என்று பாருங்கள். பிள்ளையின் தாய் தந்தையருக்கோ, உங்கள் துணைவருக்கோ, 18 வயது நிரம்பாத உங்கள் உறவினருக்கோ கொடுத்ததைக் கழிக்க முடியாது. ஆகவே 16 வயது மூத்த மகளுக்குக் கொடுத்தது சேராது. அம்மம்மாவுக்குக் கொடுத்தது சேரும்.

அடுத்தது பற்றுச்சீட்டு. பெரும்பாலானோர் இடறுவது இங்கேதான். பராமரிப்பவர் தனிநபரானால் அவருடைய பெயர், முகவரி, சமூகக் காப்புறுதி இலக்கம், பிள்ளையின் பெயர், எந்த மாதங்களுக்கு எவ்வளவு என்ற விவரம், கையொப்பம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஆண்டு முடிந்தபின் இலக்கம் கேட்டால் பலர் தயங்குவார்கள். எனவே பிள்ளையை விடும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவதாகக் கணக்கு. இந்தக் கழிவுக்கான டி778 படிவத்தில், ஆண்டு முடிவில் 7 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 8,000 டொலரும், 7 முதல் 16 வரையான பிள்ளைக்கு 5,000 டொலரும், மாற்றுத்திறன் வரிச்சலுகைக்குத் தகுதியுள்ள பிள்ளைக்கு 11,000 டொலரும் உச்சவரம்பு. பொதுவாக நிகர வருமானம் குறைந்த துணைவரே கழிக்க வேண்டும். அவர் மாணவராக இருப்பது போன்ற சில நிலைகளில் மட்டும் மற்றவர் கழிக்கலாம். 4 வயதிலும் 9 வயதிலும் பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்தில் மனைவியின் உழைப்பு வருமானம் 18,000 டொலர், செலவு 14,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளுக்கான வரம்பு 13,000. அவருடைய வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு 12,000. செலவையும் சேர்த்து இம்மூன்றில் மிகக் குறைந்ததான 12,000 டொலரையே அவர் தன் வரி அறிக்கையில் 21400 என இலக்கமிட்ட கட்டத்தில் எழுத வேண்டும். இதனால் நிகர வருமானம் குறைவதால், ஜூலையில் மீளக் கணக்கிடப்படும் கனடா பிள்ளை நலன் கொடுப்பனவு கூடவும் வாய்ப்புண்டு.

இனிப் பணம் பெற்றவர் பக்கம். நீங்கள் கழிக்கும் தொகை அவருக்கு வருமானம். உங்கள் கழிவுக்காக அவரை அறியாமல் சிக்கலில் விடுவது நியாயமல்ல. தன் வீட்டில் வைத்துப் பார்ப்பவர் பெரும்பாலும் சுயதொழில் செய்பவராகவே கருதப்படுவதால், சுயதொழில் வருமானத்துக்கான டி2125 படிவத்தில் அதைக் காட்டி, பிள்ளைகளுக்கு வாங்கிய உணவு, விளையாட்டுப் பொருட்கள், பயன்படுத்திய இடத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ற வாடகைப் பங்கு ஆகியவற்றைக் கழிக்கலாம். மீதி 3,500 டொலரைத் தாண்டினால், 18 முதல் 70 வயது வரையானோர் பொதுவாகக் கனடா ஓய்வூதியத் திட்டத்துக்கு முதலாளி, ஊழியர் என்ற இரு பங்குகளையும் தாமே செலுத்த வேண்டும். வருமானம் குறைந்த முதியோருக்கு அரசு தரும் உத்தரவாத வருமானக் கூடுதல் தொகை பெறும் அம்மம்மா பயப்படத் தேவையில்லை: உழைப்பு வருமானத்தின் முதல் 5,000 டொலர் அதற்குக் கணக்கில் எடுக்கப்படாது, அடுத்த 10,000 டொலரில் பாதியே எடுக்கப்படும்.

சுயதொழில் செய்பவர் அறிக்கையைப் பதிய ஜூன் 15 வரை அவகாசம் உண்டு, ஆனால் வரிப் பணத்தை ஏப்ரல் 30க்குள் கட்டிவிட வேண்டும். பற்றுச்சீட்டுகளை அறிக்கையுடன் அனுப்பாமல் ஆறு ஆண்டுகள் வீட்டில் பத்திரமாக வைத்திருங்கள்.