மாத்திரைச் சீட்டைப் படிக்காமல் டிரெட்மில்லை ஓட்டாதீர்கள்

போன வாரம் எங்கள் யூனிட்டில் புதிதாகச் சேர்ந்த பையன், "இன்னும் கொஞ்சம் வேகம் சார், பல்ஸ் ஏறவே இல்லை" என்று ஒரு நோயாளியை விரட்டிக்கொண்டிருந்தான். எனக்குப் பகீரென்றது. இதே வாக்கியத்தை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன்.

எக்சர்சைஸ் பிசியாலஜிஸ்ட் என்றால் படித்த ஜிம் மாஸ்டர் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சர்க்கரை, பிரஷர், இதய அடைப்பு உள்ளவருக்கு எவ்வளவு நடை, எவ்வளவு எடை என்று மருந்து போல அளந்து கொடுப்பதுதான் எங்கள் வேலை. இந்த வேலையில் நாங்கள் செய்யும் தவறுகளைத்தான் சொல்லப்போகிறேன். வார்ம்-அப், தண்ணீர் எல்லாம் எல்லோருக்கும் தெரியும், விடுகிறேன்.

பல்ஸைப் பார்த்து ஆளைப் பார்க்காமல் விடுவது

நான் அப்படி விரட்டிய நோயாளிக்கு 58 வயது. ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்து ஆறு வாரம். 220-இல் வயதைக் கழித்தால் அதிகபட்ச பல்ஸ் என்பது கணக்கு, அதாவது 162. அதில் 70 சதவீதம் 113, அதுதான் இலக்கு. நோட்டில் எழுதி அடிக்கோடு வேறு போட்டேன். அவர் பல்ஸ் 94-ஐத் தாண்டவில்லை. வேகத்தைக் கூட்டினேன், சரிவைக் கூட்டினேன். "தம்பி, மூச்சு வாங்குது" என்றார். நான் திரையைக் காட்டி, "இன்னும் 20 ஏறணும் சார்" என்றேன். அடுத்த நிமிடம் கம்பியை இறுகப் பிடித்தார், உதடு வெளுத்துவிட்டது.

உட்காரவைத்து ஈசிஜி எடுத்தோம். நல்லவேளை, ஒன்றும் இல்லை. ஆனால் அவர் அப்புறம் வரவே இல்லை. சீனியர் ஃபைலைத் திறந்தார்: மெட்டோபிரோலால் 50. "சீட்டைப் படிச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

மெட்டோபிரோலால், அட்டெனோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் துடிப்பைப் பிடித்து வைப்பவை. உழைப்பு ஏறும், பல்ஸ் அதற்கேற்ப ஏறாது. அந்த 220 கணக்கே ஒரு சராசரிதான். மருந்து எடுக்காதவர்களுக்கே ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு தாராளமாக மாறும். இப்போது ஆளுக்கொரு ஸ்மார்ட் வாட்ச் வந்து இந்தக் கூத்தை இன்னும் வளர்த்துவிட்டது.

ஆளிடம் கேளுங்கள். உழைப்பு எவ்வளவு கடினமாக இருக்கிறது என்று ஆளே எண்ணாகச் சொல்வதுதான் போர்க் அளவுகோல். 6 முதல் 20 வரையுள்ள அதில் 12, 13 போதும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. எண் வேண்டும் என்றால், மாத்திரையை வழக்கமான நேரத்தில் போட்ட பிறகு சோதித்துப் பார்த்து எழுதுங்கள். சோதனை என்றாலே காலை மாத்திரையை விட்டுவிட்டு வருவார்கள். அன்று கிடைக்கும் எண் மறுநாள் உதவாது.

இன்னொரு வம்பு. சர்க்கரை இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் இதே மாத்திரை மறைத்துவிடும். மிஞ்சுவது வியர்வைதான். சென்னையில் வியர்வையை வைத்து என்ன கண்டுபிடிப்பது? இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர் என்றால் தொடங்கும் முன் விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பாருங்கள். 90-க்குக் கீழே என்றால் முதலில் 15 கிராம் மாவுச்சத்து, அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரை அளவு. வெறும் வயிற்று வாக்கிங் இவர்களுக்கு வேண்டாம்.

மூச்சை அடக்கி எடை தூக்க விடுவது

தூக்கும்போது வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள், மூச்சை அடக்க முடியாது.

சட்டென்று நிறுத்துவது

ரத்தம் காலிலேயே தங்கித் தலை சுற்றும். ஐந்து நிமிடம் மெதுவாக நடக்கட்டும்.

ஷூவைக் கழற்றிப் பார்க்காதது

சர்க்கரையால் பாதம் மரத்தவருக்கு வலி தெரியாது. ஒருவரின் ஷூவைக் கவிழ்த்தபோது குட்டி ஸ்க்ரூ ஒன்று விழுந்தது. காலையிலிருந்து அதன் மேல்தான் நடந்திருக்கிறார்.