சஹாராவில் 250 கிலோமீட்டர்: பாதம், பை, உப்பு

தெற்கு மொராக்கோவில் 1986 முதல் நடக்கும் மராத்தான் தே சாப்ல், ஏறத்தாழ 250 கிலோமீட்டரை ஒரு வாரத்தில், பல கட்டங்களாகக் கடக்கும் பந்தயம். தண்ணீரும் கூடாரமும் அங்கே கிடைக்கும். சாப்பாடு, படுக்கை, மற்ற சாமான்கள் எல்லாம் உங்கள் முதுகில்தான். இதில் மூச்சுக்கு முன்னால் பாதம் கைவிட்டுவிடும். அதனால் தயாரிப்பை அங்கிருந்தே தொடங்குங்கள்.

ஷூ வழக்கத்தைவிட அரை அல்லது ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும். வெயிலில் கால் வீங்கும். அதற்கும் மேல் போனால் பாதம் உள்ளே வழுக்கி, அதுவே கொப்புளமாகும். மணல் புகாமல் தடுப்பது கெய்ட்டர் என்னும் துணி உறை. அதை ஒட்டவைக்கும் வெல்க்ரோ பட்டையை ஷூவின் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே, முன்நுனி உட்பட முழுச் சுற்றும் ஒட்டித் தைக்க வேண்டும். வெறும் பசை சூட்டில் இளகி உரிந்துவிடும். தைப்பதற்குமுன் ஷூவின் உள்ளட்டையை எடுத்துவிடும்படி தைப்பவரிடம் சொல்லுங்கள். நூல்முடிச்சு விரல் படும் இடத்தில் வந்தால் முதல் நாளே தோல் போய்விடும். துணியில், பாராசூட் பட்டு மாதிரி நெருக்கமான நெசவே நல்லது. இழுபடும் லைக்ராத் துணியில் பொடிமணல் கசியும்.

ஓடும்போது ஓரிடம் சுரீரென்றால் அடுத்த செக்பாயின்ட் வரை பொறுக்காதீர்கள். உடனே உட்கார்ந்து, மணலைத் தட்டி, ஈரம் துடைத்து, சுருக்கமில்லாமல் டேப் ஒட்டுங்கள். நீர் கோத்துவிட்டால் பாவிடோன் அயோடின் என்னும் கிருமிநாசினி தடவி, சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி வடியுங்கள். மேல்தோலை மட்டும் உரிக்கவே கூடாது.

விதிப்படி தண்ணீர் நீங்கலாகப் பை 6.5 முதல் 15 கிலோ வரை இருக்கலாம். 15 கிலோவோடு புறப்படுவது வீண் வம்பு. 8, 9 கிலோவுக்குள் முடிக்கப் பாருங்கள். எடை குறைவது சாப்பாட்டில்தான். ஒரு நாளைக்குக் குறைந்தது 2,000 கலோரி வேண்டும். கிராமுக்கு 4 கலோரி தரும் உணவென்றால் ஏழு நாளுக்கு 3.5 கிலோ, வேர்க்கடலை, பாதாம், எண்ணெய் சேர்த்து சராசரியை 5 கலோரிக்கு உயர்த்தினால் 2.8 கிலோ. இனிப்பு மட்டும் கட்டாதீர்கள். மூன்றாம் நாள் அதைப் பார்த்தாலே குமட்டும். அப்போது ஊறுகாய்ப் பொட்டலம் ஒன்று கைகொடுக்கும்.

தாகத்துக்கு வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் குறையும். விரல் வீங்கும், தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். நீர்வறட்சி என்று நினைத்து இன்னும் குடிப்பவர் நிலை மோசமாகும். மணிக்கு 300 முதல் 600 மில்லிகிராம் சோடியம் பலருக்குப் போதும். 1 கிராம் உப்பில் சுமார் 400 மில்லிகிராம் இருக்கிறது. உங்கள் வியர்வை அளவை அறிய, ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்.

உடல் வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும். தினமும் 60 முதல் 90 நிமிடம் வெயிலில் ஓடுங்கள். அதிகம் முன்கூட்டியே செய்து நிறுத்தினால் பலன் சில வாரங்களில் கரைந்துவிடும். மணல் பழக, பை மாட்டிக்கொண்டு தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டில் நடக்கலாம். கடற்கரையின் ஈரமணல் ஏமாற்றும், காய்ந்த மணலில் ஓடுங்கள்.

மணற்குன்றில் காற்று மோதும் பக்கம் இறுகியிருக்கும், மறுபக்கம் சரியும். முடிந்தவரை முதுகுவரம்பிலேயே போங்கள். ஏற்றத்தில் ஓடாதீர்கள், சிற்றடி வைத்து நடங்கள்.

மணற்புயல் வந்து அடையாளக்குறி தெரியாவிட்டால் நின்றுவிடுங்கள். 1994-இல் இத்தாலியரான மௌரோ புரோஸ்பெரி நிற்காமல் ஓடி வழி தவறினார்; பல நாள் கழித்து அல்ஜீரியாவில் உயிரோடு கிடைத்தார். காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக் காத்திருங்கள். விசிலைப் பைக்குள் புதைக்காமல் மார்புப் பட்டையில் கட்டிவையுங்கள்.