எல்லாவற்றுக்கும் சாவு பயம்தான் காரணமா? பரிணாமத்தை வைத்து மனிதரை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவர் பணத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறார். சாவு பயம் என்கிறார்கள். இன்னொருவர் தன் பெயரைக் கல்லில் பொறித்து வைக்கிறார். அதுவும் சாவு பயம். பிள்ளை பெறுவது, கடவுளைக் கும்பிடுவது, கவிதை எழுதுவது, போருக்குப் போவது என எதைக் கேட்டாலும் இதே பதில் வரும். கடைசியில் "பரிணாமம் நம்மை அப்படித்தான் ஆக்கி வைத்திருக்கிறது" என்று ஒரு முத்திரையும் விழும். கேட்க ஆழமாகத்தான் இருக்கும், கொஞ்சம் உண்மையும் உண்டு. அந்த உண்மையை அளவுக்கு மேல் இழுக்கும்போதுதான் சில தவறுகள் வந்து சேர்கின்றன. அவற்றில் முதலாவதுதான் மற்றவற்றுக்கு வேர் என்பதால் அதில் கொஞ்சம் கூடுதலாக நின்று பேசுகிறேன்.

மரண பயம் என்று ஒரே ஒரு உணர்ச்சி இருப்பதாக நினைப்பது

இயற்கைத் தேர்வுக்குச் சாவு என்ற கருத்தே தெரியாது. பாம்பைக் கண்டதும் விலகியது பிழைத்துக் குட்டி போட்டது. விலகாததில் பல அந்த இடத்திலேயே முடிந்தன. ஆக, தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்தது அந்த விலகல்தான். எலி பூனையைக் கண்டு ஓடுவதற்கு, தான் ஒருநாள் இல்லாமல் போவோம் என்ற ஞானம் எதுவும் வேண்டியதில்லை. நமக்கும் அப்படித்தான்: உயரம், மூச்சுத் திணறல், இருட்டு, அழுகல் நாற்றம், கூட்டத்திலிருந்து தனித்து விடப்படுவது என்று தனித்தனிப் பயங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தூண்டுதல் வேறு, உடல் காட்டும் எதிர்வினையும் வேறு.

இதைத் தொல்காப்பியர் கவனித்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மெய்ப்பாட்டியலில் "அணங்கே விலங்கே கள்வர்தம் இறைஎனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே" என்று அச்சம் பிறக்கும் இடங்களைச் சொல்கிறார். தெய்வம், விலங்கு, கள்வர், அரசன். நான்குமே எதிரில் வந்து நிற்கக்கூடியவை அல்லது அப்படி நம்பப்பட்டவை. அந்தப் பட்டியலில் மரணம் இல்லை.

பயங்கள் தனித்தனியானவை என்பதற்கு நரம்பியலில் அழுத்தமான ஒரு சான்று உண்டு. எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் ஆய்வுலகில் அறியப்படும் ஒரு பெண்ணுக்கு, அரிய மரபணு நோயால் மூளையின் இரு பக்கத்து அமிக்டலாவும், அதாவது ஆபத்தை உணர்ந்து பயத்தை எழுப்ப உதவும் பகுதிகள், அழிந்துவிட்டன. பாம்பைக் கையில் வாங்கிப் பார்த்தார். உயிருக்கு அச்சுறுத்தல் வந்த நேரங்களிலும் அவருக்குப் பயம் எழவில்லை. இவருக்குப் பயமே கிடையாது என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்த நிலையில், 2013இல் வெளியான ஓர் ஆய்வில் 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரு முறை சுவாசிக்கச் செய்தார்கள். அவர் பீதியில் துடித்துப் போனார். வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கு ஒரு பாதை, உள்ளே மூச்சு முட்டுவதற்கு வேறொரு பாதை. ஒன்று அறுந்தாலும் மற்றது வேலை செய்கிறது. மரண பயம் என்று ஒரே ஒரு சுவிட்ச் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது.

குரங்குகளை வைத்து உளவியலாளர் சூசன் மினேகா குழுவினர் 1980களில் செய்த சோதனைகளும் இதே பக்கம்தான் காட்டுகின்றன. ஆய்வகத்தில் வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பைக் கண்டால் பயமில்லை. வேறொரு குரங்கு பாம்பைப் பார்த்து மிரள்வதை வீடியோவில் காட்டியதும் சட்டென்று கற்றுக்கொண்டன. அதே வீடியோவை வெட்டி ஒட்டி, குரங்கு பூவைக் கண்டு மிரள்வதுபோல் காட்டியபோது கற்கவில்லை. சில பயங்களைக் கற்கும் ஆயத்தம் மட்டும் பிறவியிலேயே இருக்கிறது, எல்லாப் பயத்துக்கும் இல்லை.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி பாம்புக்கடியால் ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை இறக்கிறார்கள். சாலை விபத்தில் இறப்பவர்கள் சுமார் 11.9 லட்சம். சாவுதான் உண்மையில் நம்மைப் பயமுறுத்துகிறது என்றால் காரைக் கண்டு பத்து மடங்கு அதிகமாக நடுங்க வேண்டும். யார் நடுங்குகிறார்கள்? சீட் பெல்ட் போடச் சொல்லியே அலுத்துப் போகிறது.

அப்படியென்றால் "நானும் ஒருநாள் சாவேன்" என்று நினைக்கும்போது அடிவயிற்றில் ஏற்படும் அந்தக் கலக்கம் என்ன? அது இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது அறிவு வழியாக வருவது. சின்னக் குழந்தைகள் சாவைத் தூக்கம் போலவோ, திரும்பி வரக்கூடிய பயணம் போலவோ நினைக்கிறார்கள். அது எல்லோருக்கும் வரும், வந்தால் திரும்ப முடியாது என்பதை ஐந்து வயதுக்கு மேல் மெல்ல மெல்லத்தான் புரிந்துகொள்கிறார்கள். தாயைப் பிரியும் பயமும் இருட்டுப் பயமும் அதற்கு வெகுமுன்பே வந்துவிடுகின்றன. எதிர்காலத்தைக் கற்பனை செய்யத் தெரிந்த மூளை, தன் முடிவையும் கற்பனை செய்துவிடுகிறது. ஏற்கெனவே இருக்கிற பழைய பயங்கள் அந்தக் கற்பனையோடு ஒட்டிக்கொள்கின்றன. இன்னும் உற்றுப் பார்த்தால் ஒருவருக்கு வலிதான் பயம், இன்னொருவருக்குப் பிள்ளைகளை விட்டுப்போவது, மற்றவருக்கு அந்த வெறுமை. எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைக்கிறோம், அவ்வளவுதான்.

உயிர் பிழைப்பதே பரிணாமத்தின் குறி என்று எடுத்துக்கொள்வது

குறி என்று பரிணாமத்துக்கு எதுவும் கிடையாது. எந்த மரபணுவின் நகல்கள் அடுத்த தலைமுறையில் அதிகம் இருக்கின்றன என்பது மட்டும்தான் கணக்கு. உயிர் பிழைப்பது அதற்கு உதவினால் நிலைக்கும், உதவாவிட்டால் போய்விடும். ஆஸ்திரேலியாவின் ரெட்பேக் சிலந்தியில், கலவியின்போது ஆண் குட்டிக்கரணம் போட்டுத் தன் உடலைப் பெண்ணின் வாய்க்கே கொடுக்கிறது. தின்னப்படும் ஆணுக்குக் கலவி நேரம் நீள்கிறது, அது கருவூட்டும் முட்டைகளும் கூடுகின்றன. அதே நாட்டில் ஆன்டிகைனஸ் என்ற சிறிய பைப்பாலூட்டி உண்டு. இனப்பெருக்கப் பருவம் முடிந்ததும் ஆண்கள் அத்தனையும் செத்துவிடும். கொட்டிய தேனீயின் கதை எல்லோருக்கும் தெரியும்.

பரிணாம உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டன் 1964இல் இந்தக் கணக்கைச் சமன்பாடாகவே எழுதினார்: உறவினருக்குக் கிடைக்கும் நன்மையை உறவின் நெருக்கத்தால் பெருக்கினால் வருவது, செய்பவருக்கு ஏற்படும் இழப்பைவிட அதிகமாக இருந்தால் அந்தக் குணம் பரவும். ஆகவே ஒரு தாய் பிள்ளைக்காகத் தீக்குள் ஓடுவதைப் பார்த்து "இயற்கைக்கு விரோதமான தியாகம்" என்று வியப்பதும், "எல்லா உயிருக்கும் தன் உயிர்தான் பெரிது" என்று அடித்துப் பேசுவதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள்.

இதற்குத் தம்பி ஒன்று உண்டு: "இனத்தின் நன்மைக்காக" என்ற பேச்சு. கிழவர்கள் சாவது இளையவர்களுக்கு இடம்விடத்தான் என்பார்கள். அப்படி இடம்விடாமல் ஏமாற்றும் ஒருவரின் மரபணு வேகமாகப் பரவிவிடும் என்பதால் இந்த வாதம் நிற்பதில்லை. முதுமை ஏன் வருகிறது என்பதற்குப் பரிணாம உயிரியலாளர் ஜார்ஜ் வில்லியம்ஸ் 1957இல் சொன்ன விளக்கம் இன்னும் வலுவானது. இளமையில் உதவும் மரபணு முதுமையில் கெடுதல் செய்தாலும் தேர்வில் தப்பிவிடும். கெடுதல் வெளிப்படுவதற்குள் பிள்ளைகள் பிறந்துவிடுகின்றன.

"உள்ளூர நீ விரும்புவது அதுதான்" என்று சொல்வது

ஒரு செயலுக்குக் காரணம் கேட்டால் இரண்டு மட்டத்தில் பதில் சொல்லலாம் என்று உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் 1961இலேயே பிரித்துக் காட்டினார். இப்போது இந்த உடலில் எது அதைத் தூண்டுகிறது என்பது ஒன்று. இந்தக் குணம் எப்படி வந்து நிலைத்தது என்பது வேறு. குழந்தை அழுதால் அப்பா தூக்குகிறார். அழுகை தாங்க முடியவில்லை, பாசம். அந்தப் பாசம் ஏன் நிலைத்தது என்ற கேள்விக்குத்தான் மரபணு பதில். இரண்டையும் குழப்பி, "நீ தூக்குவது உன் மரபணுவைக் காப்பாற்றத்தான்" என்று அந்த அப்பாவிடம் சொன்னால் அது ஆழமும் இல்லை, உண்மையும் இல்லை. மரபணுவைப் பரப்பும் ஆசை மனதுக்குள் நிஜமாகவே இருந்திருந்தால் கருத்தடை மாத்திரை விற்றிருக்காது. விந்து வங்கி வாசலில் ஆண்கள் வரிசை கட்டி நின்றிருப்பார்கள்.

பொருந்துகிறது என்பதாலேயே நம்பிவிடுவது

எர்னஸ்ட் பெக்கர் என்ற மானுடவியலாளர், மரணத்தை மறுக்கும் முயற்சியில்தான் பண்பாடே கட்டப்பட்டிருக்கிறது என்று 1973இல் ஒரு நூலில் வாதிட்டார். 1974இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அறிவிப்புக்கு இரு மாதங்கள் முன்பே அவர் புற்றுநோயால் இறந்திருந்தார். அந்தக் கருத்தை எடுத்துக்கொண்டு கிரீன்பெர்க், சாலமன், பிஷ்சின்ஸ்கி ஆகிய மூன்று உளவியலாளர்கள் 1980களில் சோதிக்க இறங்கினார்கள். 1989இல் வெளியான ஆய்வு புகழ்பெற்றது. அமெரிக்காவின் அரிசோனாவில் 22 நீதிபதிகளிடம், பாலியல் தொழில் வழக்கு ஒன்றில் ஜாமீன் தொகை குறிக்கச் சொன்னார்கள். முன்கூட்டியே தங்கள் சாவைப் பற்றி எழுத வைக்கப்பட்டவர்கள் சராசரியாக 455 டாலர் குறித்தார்கள், மற்றவர்கள் 50 டாலர். சாவை நினைத்ததும் தங்கள் பண்பாட்டின் விதிகளை இன்னும் இறுகப் பற்றிக்கொண்டார்கள் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இந்த அளவோடு கட்டுரையை முடித்துக்கொள்பவர்கள்தான் அதிகம். 22 பேர் என்பது எவ்வளவு சின்ன எண்ணிக்கை என்று யாரும் சொல்வதில்லை. அப்புறம், இதே வகை விளைவு ஒன்றை 21 ஆய்வகங்கள் சேர்ந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து 2022இல் வெளியிட்டன. விளைவு தென்படவில்லை. சோதனை நடத்திய முறையில் குறை இருக்கிறது என்று மறுப்பவர்களும் உண்டு, விவாதம் ஓயவில்லை. ஆனால் நிரூபிக்கப்பட்ட விஷயம் என்று இனி இதை எடுத்து வைக்க முடியாது.

எண்ணிக்கையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. கடவுளை நம்பினால் சாவு பயம், நம்பாவிட்டால் சாவு பயத்தை மறைக்கும் வீம்பு. ஓடி ஓடி உழைத்தால் பயம், சும்மா இருந்தால் பயத்தில் உறைந்த நிலை. எப்படி நடந்தாலும் தோற்காத விளக்கம் எதையும் விளக்குவதில்லை. நல்ல விளக்கம் என்றால், இன்னது நடந்தால் நான் சொன்னது தவறு என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். இன்னின்னதைச் செய்ய வைத்தது பரிணாமம் என்று யாராவது சொன்னால் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பேச்சு நின்றுவிடும்.

வயதானவர்களுக்குத்தான் சாவு பயம் அதிகம் என்பதும் இப்படிப் பொருந்துகிற மாதிரி தோன்றும் ஒரு கதை. கேட்டுப் பார்த்த ஆய்வுகளில், நடுவயதினரைவிட முதியவர்களே பொதுவாகக் குறைவான பயத்தைச் சொல்கிறார்கள்.

இயற்கை என்பதால் சரி, அல்லது இயற்கை என்பதால் மாற்ற முடியாது

முதல் பாதிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்நியரைக் கண்டு ஒதுங்குவது பழங்காலத்தில் உதவியிருக்கலாம். அதனால் இன்று யாரையும் ஒதுக்குவது நியாயமாகிவிடாது.

இரண்டாவது பாதிதான் ஆட்களை நிஜமாகவே துன்பத்தில் விடுகிறது. மருத்துவர் ராண்டால்ஃப் நெஸ்ஸி, பயத்தைப் புகை எச்சரிக்கைக் கருவியோடு ஒப்பிடுவார். நூறு முறை வீணாக அலறினாலும் பரவாயில்லை, ஒரு முறை தீயைத் தவறவிட்டால் எல்லாம் போச்சு. எனவே அது சின்னப் புகைக்கும் அலறும்படிதான் வைக்கப்பட்டிருக்கிறது. பீதித் தாக்கு வரும்போது இதயம் படபடத்து, மூச்சு முட்டி, "இதோ செத்துவிடப் போகிறேன்" என்று தோன்றுவது அந்த வீண் அலறல்களில் ஒன்று. முதல் முறை வந்தால் மருத்துவரிடம் போய் இதயத்தைப் பார்த்துவிடுவதுதான் சரி, ஏனென்றால் மாரடைப்பும் அதே மாதிரி இருக்கும். இதயத்தில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகும் பயத்தோடே கிடப்பதற்குப் பரிணாமம் ஒரு சாக்கு அல்ல.

சாவு பற்றிய நினைப்பு தூக்கத்தைக் கெடுத்தால், நாடித்துடிப்பைத் திரும்பத் திரும்பப் பார்க்க வைத்தால், மருத்துவமனைப் பக்கமே போகவிடாமல் தடுத்தால், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில், விலகி ஓடிய விஷயங்களைப் படிப்படியாக எதிர்கொள்ள வைப்பார்கள்: உயில் எழுதுவது, இரங்கல் செய்தி படிப்பது, தவிர்த்த துக்க வீட்டுக்குப் போய்வருவது. முதலில் பயம் ஏறும். பாதியில் எழுந்து ஓடாமல் இருந்தால் தானாக இறங்கும், அடுத்த தடவை அவ்வளவு ஏறாது. நாடியைப் பார்ப்பது, இணையத்தில் நோய்க்குறிகளைத் தேடுவது, "எனக்கு ஒன்றும் இல்லையே?" என்று வீட்டில் கேட்டுக்கொண்டே இருப்பது ஆகியவற்றையும் கூடவே நிறுத்தச் சொல்வார்கள், ஏனென்றால் அந்த நிமிடத்துக்கு நிம்மதி தந்து பயத்தை அடுத்த நாளுக்குக் காப்பாற்றி வைப்பவை அவைதான்.