லீவு போட்டு வேலைக்குப் போகலாம்: பாலக்காட்டு எல்லையில் ஒரு கோடை

எங்கள் பக்கம் பங்குனி பாதி தாண்டிவிட்டால் யாரைக் கேட்டாலும் ‘வேலைக்குப் போகணும்’ என்பார்கள். புதிதாய் வந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள் இவ்வளவு உழைப்பாளிகளா என்று நினைத்துக்கொள்வார்கள். வேல என்பது பகவதி கோயில் திருவிழா. கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எல்லையை ஒட்டிக் கிடக்கிற ஊர்களில் வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம், சந்தையில் இரண்டும் கலந்து ஓடும். அப்படிக் கலந்ததில் மலையாளத்து வேல எங்கள் வாயில் வேலை ஆகிவிட்டது.

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் நான் முதலில் கேட்பது தேதியைத்தான். ‘சம்மர் லீவுக்கு வர்றோம்’ என்பார்கள். டொராண்டோவில் சம்மர் என்றால் ஜூலை, ஆகஸ்ட். இங்கே அது ஆடி மாதம். தென்மேற்குப் பருவமழை நடுவில் நிற்கும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று குடையைத் திருப்பிப் போடும். வேலையும் இருக்காது, பூரம் என்கிற கோயில் திருவிழாவும் இருக்காது. எங்கள் கோடைத் திருவிழாக்கள் அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் மாசி முதல் சித்திரை வரைதான். ஆஸ்திரேலியாக்காரர்களுக்கு ஏப்ரல் பள்ளி விடுமுறையும், இங்கிலாந்துக்காரர்களுக்கு ஈஸ்டர் விடுமுறையும் ஓரளவு பொருந்தி வரும். மற்றவர்கள் பிள்ளைகளின் பள்ளியில் பேசி இரண்டு வாரம் வாங்கிக்கொண்டு வருவதுதான் வழி.

டிக்கெட் போடும்முன் ஒன்றைக் கவனியுங்கள். நென்மாறா வல்லங்கி வேல மலையாள மீன மாதம் 20-ஆம் தேதி. அது ஏப்ரல் 2 அல்லது 3-இல் வந்து நிற்கும், பெரிதாக நகராது. விஷுவும் அப்படித்தான், நம் சித்திரை முதல் நாளை ஒட்டி ஏப்ரல் 14 அல்லது 15. ஆனால் திருச்சூர் பூரம் நட்சத்திரக் கணக்கு. சித்ரா பௌர்ணமி திதிக் கணக்கு, 2024-இல் ஏப்ரல் 23, 2025-இல் மே 12. இவை இரண்டுக்கும் அந்த வருடப் பஞ்சாங்கம் பார்க்காமல் விமானம் ஏறாதீர்கள். ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் அடக்கப் பார்ப்பதும் வீண். ஒன்றைப் பிடியுங்கள். என்னைக் கேட்டால் நென்மாறா.

நெல்லிக்குளங்கரை பகவதிக்கு நென்மாறா, வல்லங்கி என்ற இரண்டு ஊரும் போட்டி போட்டுக்கொண்டு எடுக்கிற விழா இது. ஒவ்வொரு ஊரும் தன் பங்குக்கு ஒரு ஆனைப்பந்தல் கட்டும். பகலில் பார்த்தால் கழிகளைக் கட்டி நிறுத்திய உயரமான ஒரு முகப்பு, அவ்வளவுதான். இருட்டினதும் அதிலுள்ள விளக்குகள் எரியும். கீழே நெற்றிப்பட்டம் கட்டிய யானைகள் வரிசையாய் நிற்க, முன்னால் பஞ்சவாத்தியம். திமிலை என்ற தோல்வாத்தியம் வாசிப்பவரின் கை கண்ணுக்குத் தெரியாத வேகத்துக்குப் போகும்போது, பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத ஆள் காற்றில் கையை ஆட்டித் தாளம் போடுவார். கொஞ்ச நேரத்தில் உங்கள் கையும் ஆடும். மாலையில் ஒரு வெடிக்கட்டு, அதாவது வாணவேடிக்கை, விடியும் முன்னே இன்னொன்று. ‘எங்க பந்தல் நல்லா இருக்கா, அவங்களுதா?’ என்று யாராவது கேட்டால், கேட்பவர் எந்த ஊர் என்று தெரிந்துகொண்டு பதில் சொல்லுங்கள்.

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் இறங்கினால் பாலக்காடு ஒன்றரை, இரண்டு மணி நேரம். டாக்ஸி பிடிப்பவர்கள் கேரள பர்மிட் காசு வாடகையில் சேர்த்தியா என்று ஏறும்முன் பேசிவிடுங்கள், எல்லையிலுள்ள வாளையாரில் போய்ப் பேசாதீர்கள். வேல அன்று நென்மாறாவுக்குள் வண்டி போகாது. வெகு தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கும். வெயில் 40 டிகிரியைத் தொடும் காலம். அதனால் மதியம் நான்குக்கு மேல் போய்ச் சேருங்கள். குழந்தைகளுக்குத் தொப்பி, வழியில் விற்கிற சம்பாரம், அதாவது இஞ்சி, பச்சைமிளகாய் தட்டிப்போட்ட நீர்மோர். குளிர்பானத்தைவிட அது நல்லது. வெடிக்கட்டு தொடங்கினால் தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். 2016 ஏப்ரல் 10 அன்று கொல்லத்துப் பக்கம் புற்றிங்கல் கோயில் வெடிவிபத்தில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். படம் எடுக்கிற ஆசையில் முன்னால் போகிறவர்களைக் கண்டால் எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வரும்.

சரி, படத்துக்கு வருவோம். என் அத்தை மகன் மெல்போர்னில் இருக்கிறான். போன முறை வந்தபோது போனைத் தூக்கிப் பிடித்து யானை வரிசையை இடமிருந்து வலமாக பனோரமா எடுத்தான். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் நடுவில் நிற்கிற யானைக்கு இரண்டு தும்பிக்கை, பக்கத்து ஆளுக்குத் தலை மட்டும் இருக்கிறது. அவன் மகள் அதை வகுப்பில் காட்டப்போவதாகச் சொன்னாள். போன் மேல் தப்பில்லை. பனோரமா என்பது ஒரே படமில்லை. நீங்கள் போனைத் திருப்பத் திருப்ப அது துண்டு துண்டாய் எடுத்து ஓரங்களைப் பொருத்தித் தைக்கிறது. ஒரு துண்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் யானை தலையை ஆட்டினால் தையல் பிசகும். அசையும் கூட்டத்தில் பனோரமா வேண்டாம்.

ஆனால் ஆனைப்பந்தல் அசையாது. போனைப் படுக்கை வாக்கில் பிடித்து, கீழிருந்து மேலே மெதுவாகத் தூக்கிக்கொண்டே போனால் முகப்பு முழுவதும் ஒரே படத்தில் வந்துவிடும். பக்கவாட்டில்தான் பனோரமா எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. விளக்கு எரியும் நேரத்தில் எடுப்பதானால், முதலில் திரையில் விளக்கு இருக்கும் இடத்தை விரலால் அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பாதிப் பந்தல் வெளுத்துப்போகும்.

கூட்டத்துக்கு ஏற்றது 360 கேமரா. முதுகோடு முதுகாக இரண்டு மீன்கண் லென்ஸ், ஒவ்வொன்றும் 180 டிகிரிக்கு மேல் பார்க்கும். இரண்டும் சேர்ந்து சுற்றிலும் உள்ளதை ஒரே நொடியில் எடுப்பதால் யானைக்கு இரண்டாவது தும்பிக்கை முளைக்காது. 2013-இல் ரிக்கோ தீட்டா வந்தபோது விளையாட்டுச் சாமான் போல இருந்தது. 2024-இல் வந்த இன்ஸ்டா360 எக்ஸ்4 எட்டு-கே (8K) என்கிற மிகத் துல்லியமான வீடியோ எடுக்கிறது. முதலில் எடுத்துவிட்டு, எந்தப் பக்கம் பார்ப்பது என்பதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளலாம். கேமராவைப் பிடித்திருக்கும் குச்சியும் படத்தில் தெரியாது, ஏனென்றால் அது இரண்டு லென்ஸுக்கும் நடுவிலுள்ள குருட்டுப் பகுதியில் இருக்கிறது. தையல் அங்கேயும் உண்டு. அது கேமராவின் ஓரத்தில் ஓடும். அந்த ஓரத்துக்கு நேராக, கைக்கெட்டும் தூரத்தில் யாரையும் நிறுத்தாதீர்கள், முகம் கோணிவிடும். இருட்டில் இந்தக் கேமராக்கள் சுமார்தான். வெயிலில் எட்டு-கே ஓடவிட்டால் கொஞ்ச நேரத்தில் சூடாகி நின்றுவிடும். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று துண்டு துண்டாக எடுங்கள்.

அந்தக் குச்சியை யானைக்குப் பக்கத்தில் நீட்டாதீர்கள். என் மச்சான் நீட்டினான். பாகன் திட்டியது மலையாளம் தெரியாத அவனுக்கே முழுசாகப் புரிந்தது.

ட்ரோன் கொண்டுவரவே வேண்டாம். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு இந்தியாவில் தடை இருக்கிறது. ‘250 கிராமுக்குக் குறைவுதானே’ என்று அங்கே கடைக்காரர் சொல்வது இங்கே விமான நிலையத்தில் எடுபடாது. அப்படியே உள்ளே வந்தாலும் யானை நிற்கிற இடத்திலும் புலிகள் காப்பகத்திலும் பறக்கவிட்டால் வழக்குதான். மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் செயற்கைக்கோள் தகவல் கருவிகளும் அனுமதியில்லாமல் கொண்டுவரக் கூடாது. அதோடு பிடிபட்டுப் போலீஸ் நிலையத்தில் லீவைக் கழித்தவர்கள் உண்டு.

பனோரமாவுக்கென்றே உள்ள இடம் நெல்லியாம்பதி. நென்மாறாவிலிருந்து முப்பது கிலோமீட்டர் போல. போத்துண்டி அணையைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கும். செக்போஸ்டை மதியத்துக்குள் கடந்துவிடுங்கள், பிந்தினால் திருப்பி அனுப்புவார்கள். மேலே சீதார்குண்டு விளிம்பில் நின்றால் பாலக்காட்டுச் சமவெளி முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். ஏப்ரலில் அந்த வெளி பெரும்பாலும் தூசிப் புகையாக இருக்கும். ஆகவே என் யோசனை, ஒரு நல்ல கோடை மழை பெய்த மறுநாள் காலை போங்கள். தூசி அடங்கி, குளமும் தென்னந்தோப்பும் தனித்தனியாகத் தெரியும். போனை நெட்டாகப் பிடியுங்கள், அப்போதுதான் படத்துக்கு உயரம் கிடைக்கும். எல்லாரும் செய்கிற தப்பு, கையை நீட்டி வைத்துக்கொண்டு உடம்பைச் சுற்றுவது. போன் இருக்கிற இடம் நகரக் கூடாது, அதைச் சுற்றி நீங்கள் நகர வேண்டும். தூரத்து மலைக்கு அது அவ்வளவு பெரிய விஷயமில்லை. ஆனால் விளிம்பில் கம்பிவேலி இருக்கிறது, அது உடைந்து உடைந்து வரும். வேலியை விட்டுவிட்டு எடுங்கள், ஆனால் வேலியைத் தாண்டி எடுக்காதீர்கள்.

மலையிறங்கி வந்தால் பக்கத்தில் கொல்லங்கோடு. பச்சை வயல், ஓட்டு வீடு, பின்னால் நீல மலை என்று சமூக ஊடகத்தில் நீங்கள் பார்த்த படங்கள் மழைக்காலத்திலும் அதன் பின்னும் எடுத்தவை. கோடையில் அங்கே இருப்பது அறுத்த தாளும் வெடிப்பு விட்ட மண்ணும். அருவியும் நூல் போலத்தான் இருக்கும். ஏமாந்து போய் ஊரைத் திட்டாதீர்கள். கோடைக்கு அதை அடுத்த முதலமடைதான் சரி. நாட்டிலேயே முன்கூட்டி மாம்பழம் வருகிற இடங்களில் ஒன்று. ஏப்ரலில் சாலையோரமெல்லாம் பழம் கொட்டிக் கிடக்கும். முதலமடை ரயில் நிலையத்தில் ஆலமரங்கள் பிளாட்பாரத்தின் மேல் கூரை மாதிரி கிளை விரித்திருக்கின்றன. பொள்ளாச்சி பாலக்காடு பாதையில் ரயில் அதிகம் ஓடுவதில்லை என்பதால் அந்த நிழலில் சாவகாசமாக உட்கார்ந்து பழம் சாப்பிடலாம்.

காலைச் சாப்பாட்டுக்கு ராமசேரி. இங்கே இட்லி தட்டையாக இருக்கும், மண்பானை வாயில் துணி கட்டி வேகவைப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்களின் கைப்பக்குவம் அது.

பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் பாலக்காட்டுக்காரர்களே பொள்ளாச்சிப் பக்கம் சுற்றி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் சாலையில் போக முடியும். தமிழ்நாட்டு வனத்துறைக்கு ஒரு கட்டணம், கேரளத்துக்கு ஒரு கட்டணம். அங்கே நிற்கிற கன்னிமாரா என்ற பழைய தேக்கு மரத்தின் சுற்றளவு 6 மீட்டருக்கு மேல். அதற்கும் நான் சொன்ன மேல்நோக்கிய பனோரமாதான் பொருத்தம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையைக் கையில் வைத்திருங்கள், காப்பகங்களில் இந்தியருக்கான நுழைவுக் கட்டணமே வாங்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். ஹோம்ஸ்டேயில் தங்குவதானால் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்பதை புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள், அவர்கள் அதைப் பதிவு செய்தாக வேண்டும். இளநீர்க்காரர் வரை எல்லாரிடமும் க்யூஆர் அட்டை இருக்கிறது. வெளிநாட்டில் வாழ்கிறவர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் பல நாட்டு எண்களிலிருந்து யுபிஐ போட முடியும், கிளம்பும்முன் வங்கியில் பேசி முடித்துவிடுங்கள்.

சித்ரா பௌர்ணமிக்கு வருகிறவர்கள் பாலக்காட்டை விட்டுவிட்டு மதுரையில் இறங்குங்கள். குமுளிக்கு மேலே எல்லைக் காட்டில் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில் வருடத்தில் அந்த ஒரு நாள்தான் பொதுமக்களுக்குத் திறக்கும். பெரியார் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து ஏற்பாடு செய்கின்றன. குமுளியிலிருந்து அனுமதி பெற்ற ஜீப், அல்லது தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடியிலிருந்து மலைப்பாதையில் நடை. நடக்கத் தெம்பிருந்தால் நடங்கள். ஜீப் வரிசை என்னை என் முழங்காலைவிட மோசமாகச் சோதித்தது. பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்வார்கள், எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். மேலே நின்றால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். அன்று ஒரு பனோரமா போதும், மிச்ச நேரம் கூட்டத்தில் நிற்கத்தான் சரியாக இருக்கும்.

படங்களை அனுப்பும்போது ஒன்று. வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் பனோரமா சுருங்கி மங்கிவிடும், ‘டாக்குமென்ட்’ என்று சேர்த்து அனுப்புங்கள். 360 படம் அங்கே தட்டையாக, நீட்டி நெளித்த அப்பளம் மாதிரி தெரியும். கேமராவின் செயலியிலோ ஃபேஸ்புக்கிலோ திறந்தால்தான் போனைத் திருப்பத் திருப்பச் சுற்றிப் பார்க்க முடியும்.

என் அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது, வேலைக்கு வந்து பத்து வருடமாயிற்று. மச்சான் போனைக் கையில் கொடுத்து, ‘அம்மா, அப்படியே திரும்பிப் பாருங்க’ என்றான். கூடத்தின் நடுவில் நின்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். யானையைப் பார்த்தார், பலூன்காரரைப் பார்த்தார், பந்தலை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் போனைக் கீழே சாய்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்: ‘ஏன்டா, கோயில் வாசல்ல செருப்போடவா நின்ன?’