கோவிட் போயும் மூளை மந்தம் போகவில்லையா? இப்படிச் சமாளியுங்கள்

கோவிட் வந்து போய் மாதக்கணக்காகிறது. ஆனால் பேசும்போது வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடுகிறது, ஒரே பத்தியை நாலு முறை படித்தும் மண்டையில் ஏறவில்லை, அலமாரியைத் திறந்துவிட்டு எதை எடுக்க வந்தோம் என்று தெரியாமல் நிற்கிறீர்கள். இது சோம்பேறித்தனமும் இல்லை, மனப்பிரமையும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் நெடுங்கோவிட்டை (லாங் கோவிட், அதாவது தொற்று போன பிறகும் மாதக்கணக்கில் நீளும் தொல்லைகளை) வரையறுத்தபோதே களைப்பு, மூச்சுத்திணறலோடு இந்த அறிவுத் தடுமாற்றத்தையும் சேர்த்துத்தான் சொன்னது. 2024-ல் இங்கிலாந்தில் லட்சம் பேருக்கு மேல் சோதித்த ஓர் ஆய்வில், அறிகுறிகள் தீராதவர்கள் தொற்றே வராதவர்களைவிட ஐக்யூ கணக்கில் சுமார் 6 புள்ளி பின்தங்கியிருந்தார்கள். அறிகுறிகள் தீர்ந்தவர்களிடம் அந்த இடைவெளி பாதியளவுதான். அதனால் மனதைத் தளரவிடாதீர்கள்.

முதல் வேலை, இரண்டு வாரத்துக்கு ஒரு சின்னக் குறிப்பு. தினமும் என்ன செய்தீர்கள், எவ்வளவு தூங்கினீர்கள், எப்போது தலை மங்கியது, இவ்வளவு போதும். எழுத முடியாத நாளில் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், அதிகம் உழைத்ததன் விளைவு பலருக்கு அன்றே தெரியாது, ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத்தான் அடித்துப் போடும். திங்கட்கிழமை நீண்ட மீட்டிங், புதன்கிழமை படுக்கை. குறிப்பு இல்லாமல் இந்த இரண்டையும் முடிச்சுப்போட முடியாது.

அந்தக் குறிப்போடு டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, பி12, ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, மன அழுத்தம், சாப்பிடும் மாத்திரைகள், இவையெல்லாம் இதே மந்தத்தைத் தரும், சரிசெய்யவும் முடியும். எழுந்து நின்றால் நெஞ்சு படபடக்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள். ஸ்கேன் நார்மல் என்று வந்தால் உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம் ஆகாது, சாதாரண ஸ்கேனில் இது பெரும்பாலும் தெரிவதில்லை. ஆனால் திடீரென்று வாய் கோணினாலோ, நாக்கு குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் வலுவிழந்தாலோ காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள், அது வேறு பிரச்சினை.

சரி, வீட்டில் என்ன செய்வது? என் கருத்தில் இதில் எல்லாவற்றையும்விடப் பெரியது, களைப்பதற்கு முன்பே நிறுத்துவது. 40 நிமிடத்தில் தலை மங்குகிறது என்று குறிப்பு சொன்னால், 25 நிமிடத்தில் அலாரம் வைத்து, இன்னும் தெம்பு இருக்கும்போதே எழுந்துவிடுங்கள். ஓய்வு என்றால் போனை நோண்டுவது அல்ல, கண்ணை மூடி, சத்தம் இல்லாமல் 10 நிமிடம். நல்ல நாள் வந்தால் பாக்கி வேலை எல்லாவற்றையும் முடித்துவிடத் தோன்றும், அங்கேதான் பலர் விழுகிறார்கள். உடற்பயிற்சிக்கும் இதே கணக்குதான், பின்விளைவு வருபவர்கள் வாராவாரம் கூட்டிக்கொண்டே போகக் கூடாது.

நினைவை மூளையில் வைக்காமல் வெளியே வையுங்கள். சாவிக்கு ஒரே இடம், மாத்திரைக்கு நாள்வாரிப் பெட்டி, அடுப்பு பற்றவைத்த கையோடு டைமர், போனில் பேசும்போதே பேப்பரில் இரண்டு வரி. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும். கணக்கு, படிவம் மாதிரி தலைவலி பிடித்தவற்றைத் தெளிவாக இருக்கும் நேரத்துக்குத் தள்ளுங்கள். தலை மங்கிய நாளில் வண்டி ஓட்ட வேண்டாம்.

மூளை விளையாட்டு ஆப்களுக்குப் பணம் கட்டும் முன் யோசியுங்கள். நெடுங்கோவிட்டை ஆராயும் அமெரிக்காவின் ரெக்கவர் திட்டத்தில் கணினிவழி மூளைப் பயிற்சியைச் சோதித்தபோது ஒப்பீட்டுக் குழுவைவிடத் தனியான பலன் தெரியவில்லை. இதற்கென்றே நிரூபிக்கப்பட்ட மாத்திரையும் இன்னும் இல்லை, யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

அப்புறம் ஆபீஸ். “எனக்கு முடியவில்லை” என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் புரியாது. “மீட்டிங் முடிந்ததும் முடிவுகளை எழுத்தில் அனுப்புங்கள், இரண்டு மீட்டிங்குக்கு நடுவே அரை மணி விடுங்கள்” என்று கேளுங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் அப்படித்தான்: வார்த்தை வராமல் நீங்கள் திணறினால் அவர்களே எடுத்துக்கொடுக்க வேண்டுமா, காத்திருக்க வேண்டுமா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.