கல் யாருக்கு? டூரரின் ஜெரோமைப் பார்க்கும்போது நாம் சறுக்கும் இடங்கள்

ஒரு பழைய அச்சுப்படம். பாறைகளுக்கு நடுவே ஒரு தாடிக்காரர் மண்டியிட்டிருக்கிறார். இடுப்புக்கு மேலே துணியில்லை, கையில் ஒரு கல், பக்கத்தில் சிங்கம். சிங்கத்தை விரட்டுகிறார் என்று முதலில் நானும் நினைத்தேன். கல் சிங்கத்துக்கு இல்லை, அவருடைய நெஞ்சுக்கு. எதிரில் இருக்கும் சின்னச் சிலுவையைப் பார்த்தபடி, பாவங்களுக்காக வருந்தி மார்பில் அடித்துக்கொள்கிறார். சிங்கம் அவருடைய தோழன். பாதத்தில் தைத்த முள்ளை அவர் எடுத்துவிட்டாராம், அது கூடவே தங்கிவிட்டதாம்.

அவர் புனித ஜெரோம், பைபிளை லத்தீனில் தந்தவர். இந்தப் படத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கியவர் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகர ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர், 1496 வாக்கில். 1514இல் அதே ஜெரோமை எழுத்து மேசையில் உட்காரவைத்தும் டூரர் செதுக்கினார். அதிலும் சிங்கம் உண்டு என்பதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

அடுத்த சறுக்கல், படத்தில் பாலைவன மணலைத் தேடுவது. ஜெரோம் தவமிருந்தது சிரியப் பாலைவனம்தான். ஆனால் டூரர் அந்தப் பக்கமே போனதில்லை. நியூரம்பர்க் அருகேயுள்ள கல்குவாரிகளை நீர்வண்ணத்தில் வரைந்து பழகியவர், படத்தில் நிற்பவையும் அப்படிப்பட்ட பாறைகளே. பழைய தமிழ் பைபிளின் 'வனாந்தரம்' என்ற சொல்தான் இதற்குப் பொருத்தம் என்பேன். ஆளில்லாத இடம், அவ்வளவுதான்.

இதை 'மரச்செதுக்கு' என்று எழுதுவதுதான் எனக்கு அதிகம் உறுத்தும் தவறு. மரக்கட்டையில் கோட்டைச் சுற்றியுள்ள மரத்தை வெட்டியெறிவார்கள்; மேடாக நிற்கும் கோட்டில் மை ஒட்டும். இது செப்புத் தகடு, எல்லாம் தலைகீழ். கூரிய உளியால் கோட்டையே பள்ளமாக உழுது, மையைத் தேய்த்து உள்ளே இறக்கி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத் தாளோடு உருளைகளுக்கு இடையே அழுத்துவார்கள். பள்ளத்து மை தாளுக்கு ஏறும். ஓரம் வெட்டப்படாத தாளாக இருந்தால், தகட்டின் விளிம்பு பதிந்த தடமும் தெரியும். படம் இடவலம் மாறித்தான் அச்சாகும். அதனால் கீழேயுள்ள தன் பெயரின் முதலெழுத்துகளான ஏ, டி இரண்டையும் டூரர் தகட்டில் கண்ணாடி பிம்பம் போலத் திருப்பித்தான் செதுக்கியிருக்க வேண்டும்.

அப்புறம், 'ஒரிஜினல் எந்த மியூசியத்தில் இருக்கிறது?' என்ற கேள்வி. ஒரே தகட்டிலிருந்து எடுத்த அச்சுகள் பல, எல்லாமே ஒரிஜினல்தான். ஆனால் எல்லாம் சமமில்லை. அச்சடிக்க அடிக்கச் செம்பு தேயும், நுண்கோடுகள் வெளிறிப்போகும். இரண்டு அச்சுகளை ஒப்பிட வாய்த்தால் முகத்தை விடுங்கள். பாறை இடுக்குகளின் இருட்டைப் பாருங்கள். நல்ல அச்சில் அங்கே கோடுகள் நெருங்கிக் கன்னங்கரேலென்று இருக்கும். தேய்ந்த அச்சில் வெறும் சாம்பல்.