மலை ரயில் மாதிரி: பாதையோரப் பொருள்களுக்குப் பழமைத் தோற்றம் கொடுக்கும் முறை

மாதிரி ரயில் அமைப்பில் என்ஜினுக்கும் பெட்டிகளுக்கும் காட்டும் அக்கறையில் பாதியையாவது பாதையோரத்தில் நிற்கும் தண்ணீர்த் தூணுக்கும் (நீராவி என்ஜினுக்குத் தண்ணீர் நிரப்பும் குழாய்த்தூண்) தாங்குசுவருக்கும் (மலைச்சரிவின் மண் சரியாமல் தாங்கும் கற்சுவர்) காட்டாவிட்டால், எத்தனை விலை கொடுத்து வாங்கிய என்ஜினும் பொம்மையாகவே தெரியும். புதிதாகத் தொடங்குபவர்களுக்காக, நீலகிரி மலை ரயிலின் கல்லாறு–குன்னூர் பகுதியை எடுத்துக்கொண்டு இந்தச் செய்முறையை விளக்குகிறேன். 1899இல் திறக்கப்பட்ட இந்த மீட்டர் கேஜ் பாதையின் அகலம் 1000 மி.மீ. அது 1:87 அளவில், அதாவது அசலை 87 மடங்கு சிறிதாக்கினால், ஏறத்தாழ 11.5 மி.மீ. ஆகும் என்பதால், கடையில் கிடைக்கும் 12 மி.மீ. எச்ஓஎம் பாதையே (அதே அளவில் மீட்டர் கேஜுக்கான மாதிரிப் பாதை) போதும்.

வண்ணத்தைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள்: இந்தக் கறை எதனால் வந்தது? மழையும் மூடுபனியும் விடாத இந்த மலைச்சரிவில் இரும்பு துருப்பிடிப்பதற்கும் கல் பாசி பிடிப்பதற்கும் தண்ணீர் தேங்கும் இடமும் அது வழிந்தோடும் தடமும்தான் காரணம். அந்தக் காரணம் இல்லாத இடத்தில் துருவைப் பூசினால், பார்ப்பவருக்கு ஏதோ பொருந்தவில்லை என்று உடனே பட்டுவிடும்.

முதற்படி, கழுவுதலும் பிரைமரும் (வண்ணம் ஒட்டிப் பிடிப்பதற்கான அடிப்பூச்சு). பிளாஸ்டிக் பாகங்களில் அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருக்கும் என்பதால், பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி நன்றாக உலர விடுங்கள். பிறகு சாம்பல் நிற ஸ்பிரே பிரைமரை ஓர் அடி தூரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்து, மெல்லிய பூச்சாக இரண்டு முறை அடியுங்கள். காற்றோட்டமான இடத்தில், முகக்கவசம் அணிந்து செய்யுங்கள்.

இரண்டாம் படி, அடிநிறம். தண்ணீர்த் தூண் கறுப்பாகத்தானே இருக்கும் என்று கறுப்பை அப்படியே பூச வேண்டாம். சிறிய பொருளில் அடர்நிறம் மேலும் அடர்த்தியாகத் தெரியும். ஆகவே கறுப்புடன் வெளிர்சாம்பலும் சிறிது பழுப்பும் கலந்து நிறத்தைத் தணித்துக்கொள்ளுங்கள். தாங்குசுவருக்குச் சாம்பல் நிறத்தை முழுதும் பூசிவிட்டு, அங்கங்கே சில கற்களை மட்டும் சற்று மஞ்சளாகவும் சற்று நீலமாகவும் தனித்தனியே தீட்டுங்கள். எல்லாக் கல்லும் ஒரே நிறத்தில் இருக்கும் சுவர் சிமென்ட் பலகை போலாகிவிடும்.

மூன்றாம் படி, வாஷ், அதாவது நீர்த்த வண்ணப் பூச்சு. எனக்கு மிகவும் பிடித்த கட்டமும் இதுதான். அவசரப்படவே கூடாத கட்டமும் இதுதான். அடர்பழுப்பு அக்ரிலிக் வண்ணம் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் சேர்த்து, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவத்தையும் விடுங்கள்; அது நீர்ப்பரப்பின் இழுவிசையைக் குறைப்பதால் வண்ணம் முத்துமுத்தாகத் திரளாமல் கல் இடுக்குகளுக்குள் ஓடும். சுவரை நிமிர்த்தி நிறுத்தியபடியே மேலிருந்து பூசுங்கள். படுக்கவைத்துப் பூசினால் கறை குளமாகத் தேங்கிவிடும். உண்மையான தாங்குசுவர்களில், பின்னால் சேரும் மழைநீர் வெளியேறத் துளைகள் விட்டிருப்பார்கள். மாதிரியில் அந்தத் துளை ஒரு மி.மீ. அளவுதான் இருக்கும். அதன் அடியிலிருந்து மெல்லிய தூரிகையால் ஒரு கரும்பழுப்புக் கோட்டை இழுத்து, ஈரம் காயுமுன் நீரில் நனைத்த மற்றொரு தூரிகையால் கீழ்நோக்கி நீவிவிடுங்கள். மேலே அடர்ந்து கீழே மங்கி மறையும் கறை கிடைக்கும். அதன் இருபுறமும் மங்கிய பச்சையைத் தொட்டுத்தொட்டு வைத்தால் பாசி. பச்சையில் சிறிது பழுப்பு சேராவிட்டால் பிளாஸ்டிக் செடியின் நிறம் வந்துவிடும். கற்களுக்கு இடையிலான சுண்ணாம்புக் காரையில் ஊறிய நீர் வெளியே வந்து காய்ந்த தடத்துக்கு, வெள்ளையை மிக மெல்லியதாக ஓரிரு இடங்களில் மட்டும் இழுங்கள்.

நான்காம் படி, துரு. பொருள்களைப் பொதிந்து வரும் ஸ்பாஞ்சில் ஒரு சிறு துண்டைப் பிய்த்து, கரும்பழுப்பில் தொட்டு, பெரும்பகுதியைக் காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, தூணின் அடிப்பகுதி, போல்ட் தலைகள், நீர் சொட்டும் குழாய் முனை ஆகிய இடங்களில் மட்டும் ஒற்றுங்கள். அதற்குள்ளே இன்னும் சிறிய புள்ளிகளாக ஆரஞ்சு வைக்கலாம். ஆரஞ்சு என்பது புதுத்துரு, பழைய துரு அடர்பழுப்பு. நீராவி என்ஜின்கள் தண்ணீர் பிடிக்க நிற்கும் ஹில்குரோவ் போன்ற நிலையத்தைச் செய்கிறீர்கள் என்றால், தூணைச் சுற்றியுள்ள ஜல்லியையும் சிறிது அகலத்துக்கு ஈரக்கருமையாக்குங்கள்.

ஐந்தாம் படி, பாதை. தண்டவாளத்தின் பக்கவாட்டைத் துருப்பழுப்பால் தீட்டி, மேற்பரப்பில் பட்ட வண்ணத்தை ஈரம் காயுமுன் துணியால் துடைத்துவிடுங்கள். மாதிரி என்ஜின் தண்டவாளத்தின் வழியாகத்தான் மின்சாரம் பெறுகிறது; வண்ணம் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அது அங்கே தங்கினால் வண்டி நின்றுவிடும். இதே காரணத்தால், பாதை பிரியும் இடத்தில் நகரும் நாக்குகளின் உட்புறத்தில் தூரிகை படவே கூடாது. இந்த மலைப்பாதைக்கே உரிய அழகு, நடுவில் ஓடும் ஆப்ட் முறைப் பற்சட்டம்; என்ஜினின் பற்சக்கரம் இதைப் பற்றிக்கொண்டுதான் செங்குத்தான ஏற்றத்தில் ஏறும். இரு சட்டங்கள் அருகருகே, ஒன்றின் பல் மற்றதன் இடைவெளிக்கு நேராக இருக்குமாறு அமைந்தவை. சட்டத்தின் உடல் முழுவதற்கும் எண்ணெய் படிந்த கரும்பழுப்பைப் பூசி, காய்ந்தபின் பல்லின் முனைகளில் மட்டும் 6பி பென்சிலால் (மென்மையான, கருமை மிகுந்த பென்சில்) மெல்ல உரசுங்கள். சக்கரப்பல் தேய்த்துத் தேய்த்து மெருகேறிய எஃகின் மினுமினுப்பு அப்படியே வரும். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், அதன் தூள் ஸ்லீப்பர் (தண்டவாளத்தின் அடியில் குறுக்கே கிடக்கும் கட்டை) வழியாக இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடாதபடி ஊதித் துடைத்துவிடுங்கள்.

கடைசியாகத் தூசி. பழுப்பு, சாம்பல் நிறச் சாக் பேஸ்டல்களைக் கத்தியால் சுரண்டிய தூளை மிருதுவான தூரிகையால் ஜல்லியிலும் சுவரடியிலும் தடவி, மேட் வார்னிஷை (பளபளப்பில்லாத வார்னிஷ்) மெல்லியதாக அடித்து நிலைநிறுத்துங்கள். வார்னிஷ் பட்டதும் தூளின் நிறம் மங்கும். அதற்காகத் தூளை முதலிலேயே கொஞ்சம் கூடுதலாகத் தடவியிருக்க வேண்டும். பாதையின் மீது அடிக்கும்போது தண்டவாளத்தின் மேற்பரப்பை ஒட்டுநாடாவால் மூடிக்கொண்டு, ஒரு நாள் முழுதும் உலரவிட்ட பிறகு நாடாவை எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டு என்ஜினை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.